பாக்கெட் விமானத்தின் தலையில் ஜெட் எஞ்சின்: விமானப்படைப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி கேட்டவரின் பெரியப்பா விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய சகாக்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் ராத்திரி வரை கதைதானாம். அதில் மூன்று விஷயங்கள் இவருக்கு நம்பும்படி இல்லை. ஒன்று, ‘பாக்கெட்’ என்ற சரக்கு விமானத்தின் தலைமேல் ஒரு ஜெட் எஞ்சினை உட்கார வைத்து இமயமலைக்கு ஓட்டினார்களாம். இரண்டு, உலகப்போர் முடிந்ததும் உடைத்துப் போட்டுவிட்டுப் போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைக் குப்பையிலிருந்து எடுத்து நம் விமானப்படை இருபது வருஷம் ஓட்டியதாம். மூன்று, விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கும்போது, சக்கரம் தொட்டதும் பைலட் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவாராம். ‘இதெல்லாம் நிஜமா? படுமோசமாக இறங்கியதை மட்டும் ஏன் இவ்வளவு குஷியாகச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறார்.

மூன்றும் நிஜம். ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. நம்பக் கூடாத கதைகள் வேறு இருக்கின்றன, அவை கேட்க ரொம்பவும் நம்பும்படியாக இருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பைலட் இல்லை, எஞ்சின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் வடக்கே பல ஊர். பைலட் சொல்லும் கதையை ஃபிட்டர் காதால் கேட்பது ஒரு தனி வழக்கம். ‘நான் இப்படி வளைத்தேன், அப்படித் தூக்கினேன்’ என்பதெல்லாம் ஒரு காதில் போய் மறு காதில் வந்துவிடும். எஞ்சின் என்ன செய்தது, தரை எப்படி இருந்தது என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்வோம். கதை பொய்யா மெய்யா என்பது பெரும்பாலும் அந்த இரண்டில் தெரிந்துவிடும்.

முதலில் பாக்கெட். ஃபேர்சைல்ட் சி-119ஜி என்பது முழுப்பெயர். 1954-லிருந்து நம்மிடம் வந்தது. இரட்டை வால், நடுவில் பெட்டி மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் ரைட் ஆர்-3350 எஞ்சின். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், 3,000 குதிரைத்திறனுக்கு மேல். இரண்டாம் உலகப்போரில் பி-29 விமானத்தைத் தூக்கியதும், அதிகச் சூடாகித் தீப்பிடித்துப் பேர் கெட்டதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். சமவெளியில் பாக்கெட்டுக்கு அது போதும். லடாக்கில் போதாது. மலைக்கு நடுவே பள்ளத்தாக்கில் போகும்போது ஒரு எஞ்சின் நின்றால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு உயரத்தைக் காப்பாற்ற முடியாது. கீழே இறங்கலாம் என்றால் இறங்க இடம் இல்லை, சுற்றிலும் பாறை.

அதனால் விமானத்தின் முதுகில், இறக்கைக்கு மேலே, ஒரு சின்ன ஜெட் எஞ்சினைக் கூடு கட்டிப் பொருத்தினார்கள். முதலில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஜே-34. பிறகு பெங்களூரில் ஹெச்ஏஎல் செய்த ஆர்ஃபியஸ். எப்போதும் ஓடாது, ஏறும்போதும் ஆபத்திலும் மட்டும்தான் போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தலைச்சுமை ஏற்றி அனுப்பிய மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள், லடாக்கில் இருந்த நம் ஆட்களுக்குச் சோறு போனது இந்த விமானங்களில்தான்.

1962 ஜூலை 23-ல் ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே ஒரு பாக்கெட்டை தௌலத் பெக் ஓல்டியில் இறக்கினார். காரகோரம் கணவாய்க்குப் பக்கம், 16,614 அடி உயரம். தார் இல்லை, சிமென்ட் இல்லை, சரளையை இறுக்கிய தரை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். இதன் விளைவை யாரும் கதையில் விளக்கமாகச் சொல்வதில்லை, ஆனால் அங்கேதான் எல்லாம் இருக்கிறது. காக்பிட்டில் வேகம் காட்டும் முள் காற்றின் அழுத்தத்தை வைத்து நகர்வது. முள் 100 நாட் (விமான வேகத்தின் அளவு) காட்டினால் பைலட் வழக்கமான வேகத்தில்தான் வருவதாக நினைப்பார், இறக்கைக்கும் அது வழக்கமான வேகம்தான். ஆனால் தரைக்கு மேலே விமானம் நிஜத்தில் 130 நாட் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்கும் டயரும் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல். கீழே சரளை. வேண்டாம் என்று மறுபடி மேலே தூக்கலாம் என்றால், அதே மெல்லிய காற்றில் எஞ்சினுக்கு மூச்சு போதாது. அங்கே இறங்கியவர் ‘கடகடவென்று ஆடிற்று, பல் கிட்டிவிட்டது’ என்று சொன்னால் அது பைலட்டின் தப்பு இல்லை, அந்த இடத்தின் குணம்.

லே இதற்கு முந்தைய கதை. 1948 மே 24-ல் ஏர் கமோடர் மெஹர் சிங், பக்கத்தில் மேஜர் ஜெனரல் திம்மையாவை உட்கார வைத்துக்கொண்டு, டகோடா என்ற இரட்டை எஞ்சின் சரக்கு விமானம் ஒன்றை லேவில் இறக்கினார். சோனம் நோர்பு என்ற லடாக்கி என்ஜினீயர் ஊர்க்காரர்களை வைத்து ஆற்றோரம் மணலில் சமன்படுத்திய ஓடுதளம் அது. விமானத்தில் காற்றழுத்தக் கேபின் இல்லை, பனி உறையாமல் தடுக்கும் கருவியும் இல்லை, சரியான வரைபடமும் கிடையாது. மெஹர் சிங்கைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது குரலே மாறும். ஆனால் ஃபிட்டர்கள் அந்தக் கதையில் பிடித்துக்கொள்வது வேறு ஒன்றை. அந்த மாதிரி இடத்தில் இறங்கினால் எஞ்சினை நிறுத்த மனசு வராது. குளிரில் எண்ணெய் கெட்டியாகும், மெல்லிய காற்றில் பற்றவைக்க முரண்டு பிடிக்கும், ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உதவிக்கு வண்டி வர ரோடு இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் புரொபெல்லருக்குப் பக்கத்திலேயே சாமான் இறக்கிய கதைகள் வடக்கே நிறைய உண்டு. அவற்றைத் தாராளமாக நம்பலாம்.

ஆர்ஃபியஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்திய விமானப்படையில் ஒரு எஞ்சினுக்கு வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்றால் இதற்குத்தான். பிரிஸ்டல் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கர் காலத்தில் உருவானது. ஏழு அடுக்கு கம்ப்ரெசர், ஒரே அடுக்கு டர்பைன், அவ்வளவு எளிமை. நேட் என்ற போர் விமானத்தின் வயிற்றில் இருந்தது இதுதான். 1965-ல் பேர் வாங்கிய அந்தக் குட்டி விமானத்தில் ஏர்பிரேக்குக்கென்று தனிக் கதவு கிடையாது, சக்கரங்களையே பாதி இறக்கி வேகத்தைக் குறைப்பார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் புளுகு என்றுதான் நினைத்தேன். இடத்துக்கும் எடைக்கும் பஞ்சம் பார்த்துச் செய்த விமானத்தில் அது புத்திசாலித்தனம்.

அதே ஆர்ஃபியஸ் பாக்கெட்டின் முதுகில் ஏறியது. அதே எஞ்சின் இரண்டு சேர்ந்து நம் ஹெச்எஃப்-24 மாருத் போர் விமானத்தில் போனது. பின்னால் கிரண் இரண்டாம் வகைப் பயிற்சி விமானத்திலும் வந்தது. மாருத்தை வடிவமைத்த ஜெர்மானியர் கர்ட் டேங்க், ஆஃப்டர்பர்னர் (வெளியே போகும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) வைத்த பலமான ஆர்ஃபியஸ் வரும் என்று நம்பித்தான் உடம்பை வரைந்தார். அந்த எஞ்சினை பிரிட்டன் பாதியில் கைவிட்டது. கடைசியில் ஒலியைத் தாண்டிப் பறக்க வரைந்த உடம்புக்கு நேட்டின் எஞ்சின் வகைதான் ஜோடியாகக் கிடைத்தது. 1961 ஜூன் 17-ல் அதை முதலில் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் ஆஃப்டர்பர்னர் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருந்த மாருத்தில் மேலெழும்போதே விபத்தில் இறந்தார். மாருத்தைக் குறை சொல்லாத பழைய ஆளே இல்லை, ‘பலம் போதாது’ என்பார்கள். அதே வாயால் 1971-ஐயும் சொல்வார்கள். தரையிலிருந்து சுட்டதில் ஒரு எஞ்சின் போய், மற்றொன்றை வைத்துக்கொண்டே சில மாருத்கள் ஊர் திரும்பின. ஒற்றை எஞ்சின் விமானமாக இருந்திருந்தால் அந்தப் பைலட்டுகள் பாலைவனத்தில் குதித்திருக்க வேண்டும். எஞ்சின் மேல் இருக்கும் பாசம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

அடுத்து குப்பைக் கதை. உலகப்போர் முடிந்ததும் ஏராளமான பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கான்பூரில் நின்றுபோயின. அமெரிக்கா போருக்காக இரவல் கொடுத்த கடன் ஒப்பந்தப்படி அவற்றை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. ஆகவே போகிற போக்கில் கருவிகளைக் கொத்தி உடைத்து, எஞ்சினில் மண்ணைப் போட்டு, வண்டியை விட்டு மோதிச் சிதைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டபோது பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (பின்னாளில் ஹெச்ஏஎல்) ஆட்கள் கான்பூருக்குப் போய், இதில் ஒரு இறக்கை, அதில் ஒரு வால் என்று சேர்த்துப் பறக்கும் அளவுக்கு ஒட்டவைத்தார்கள். அந்த நிலையில் ஒவ்வொன்றாக அவற்றை பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர் கம்பெனியின் டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி. அங்கே முழுசாகப் பிரித்துச் சரி செய்தார்கள். 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் லிபரேட்டரோடு தொடங்கியது. நம் விமானப்படையிலிருந்து லிபரேட்டர் விடைபெற்றது 1968 கடைசியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரியப்பா சொன்ன இருபது வருஷம் சரியாக வரும். பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர் நாம் கொடுத்தது.

உடைந்ததை இப்படி ஒட்டவைக்க எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு சின்னக் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். லிபரேட்டரின் நான்கு எஞ்சின்களும் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. டகோடாவில் இருப்பதும் அதே ஆர்-1830 வகைதான். 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். பெங்களூரில் போர்க்காலத்தில் அமெரிக்கர்களுக்காக விமானங்களைப் பழுது பார்த்த கைகள் இருந்தன, அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தவர்கள்.

ஆர்-1830-ஐ நானும் தொட்டிருக்கிறேன். காலையில் டகோடாவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு மூன்று பேர் சேர்ந்து புரொபெல்லரைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். ராத்திரி முழுக்க எண்ணெய் கசிந்து கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டனுக்கு மேலே அமுங்காத எண்ணெய், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளும்போது கட்டை மாதிரி இறுகினால் கை உடனே நின்றுவிட வேண்டும். பலத்தைக் காட்டி அழுத்துகிற புதுப் பையனுக்கு அன்று சார்ஜென்டிடம் அர்ச்சனை. கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுவோம், கறுப்பாக வழியும். எல்லாம் சரியாகி ஸ்டார்ட் ஆனால் நீலப் புகை ஒரு பொதி, அது தெளிந்து சத்தம் சீராகும். ‘எண்ணெய் ஒழுகவில்லை என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்’ என்ற ஜோக்கைப் பெரியப்பாவும் சொல்லியிருப்பார். கான்பெரா என்ற ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் கதை வேறு. அதன் ஏவான் எஞ்சினைத் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜை வெடித்துத்தான் சுழற்றிவிடுவார்கள். டமால் என்று ஒரு சத்தம், கரும்புகை, மருந்து வாசனை. முதல் முறை பார்க்கிறவர் தீயணைப்பு வண்டியைத் தேடுவார்.

இப்போது கப்பல். இதில் மோசமான லேண்டிங் என்ற பேச்சே தலைகீழாகிவிடும். சாதாரண ஓடுதளத்தில் பைலட் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி, விமானத்தை மெதுவாகத் தரையில் படவிடுவார். கப்பல் தளத்தில் அப்படிச் செய்தால் மிதந்துபோய் வயரை விட்டுவிடுவார். ஆகவே ஒரே சரிவில் வந்து அப்படியே தளத்தில் அறைய வேண்டும். வாலில் இருக்கும் கொக்கி குறுக்கே கட்டிய வயர்களில் ஒன்றைப் பிடிக்கும். சக்கரம் தொட்டதும் எஞ்சினை முழுசாகத் திறப்பது கொக்கி பிடிக்காமல் போனால் என்ற முன்யோசனைதான். பிடித்துவிட்டால் வயர் எப்படியும் நிறுத்திவிடும். பிடிக்கவில்லை என்றால் முன்னால் மிச்சமிருக்கும் கொஞ்சத் தளத்தில் திரும்பப் பறந்தாக வேண்டும். அந்தக் கால ஜெட் எஞ்சின் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், பிடித்ததா என்று பார்த்துவிட்டுத் திறந்தால் கடலில்தான் இருப்பார். தரை விமானத்தின் அண்டர்கேரேஜை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் கால்களை, விநாடிக்கு 10 அடி வேகத்தில் இறங்கினால் தாங்கும்படி செய்வார்கள், கப்பல் விமானத்துக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பழைய விக்ராந்தில் முதல் ஜெட் இறங்கியது 1961 மே 18-ல். சீ ஹாக் விமானம், ஓட்டியவர் அப்போது லெஃப்டினன்டாக இருந்த ஆர்.ஹெச். தஹிலியானி, பின்னாளில் கடற்படைத் தளபதி. நம்மூர்க்காரர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: அந்த சீ ஹாக்குகள் கரைக்கு வந்தால் தங்கியது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில். கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா 1961-ல் அங்கேதான் தொடங்கியது, கோவா கிடைத்த பிறகு 1964-ல் டபோலிமுக்கு மாறியது. கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்படை ஜெட்டைப் பார்த்தேன் என்று யாராவது தாத்தா சொன்னால் சந்தேகப்படாதீர்கள்.

மிக்-21 பற்றி ஊரே எழுதிவிட்டது. 1963-ல் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-ல் அதே சண்டிகரில் விடைபெற்றது. அதனால் ஒரே ஒரு விஷயம். அது மணிக்கு 300 கிலோமீட்டர் பக்கத்தில் தரையைத் தொடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘தொடும் முன்னால் த்ராட்டிலை மூடாதே’ என்று வாத்தியார்கள் ஏன் கத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிஸ் மாதிரி பிந்தைய வகைகளில் எஞ்சின் கம்ப்ரெசரிலிருந்து காற்றை எடுத்து ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) மேலே ஊதுவார்கள். அந்தக் காற்றால்தான் மெல்லிய டெல்டா இறக்கைக்குக் குறைந்த வேகத்தில் கொஞ்சம் தூக்கு விசை கிடைக்கிறது. எஞ்சினைக் குறைத்தால் ஊதும் காற்றும் குறையும், தூக்கு விசை பொசுக்கென்று போகும், விமானம் பொத்தென்று உட்காரும். எஞ்சினும் இறக்கையும் ஒரே ஆள் மாதிரி. இறங்கிய பிறகு வால் பாராசூட் விரியும், அதை ஓடுதள ஓரத்திலிருந்து பொறுக்கி வந்து, உதறி, மடித்து, மறுபடி வாலில் திணிக்க ஒரு கூட்டம். அந்தப் பாராசூட் விரியாத நாளின் கதைகளில் ஓடுதளக் கடைசியில் கட்டிய வலையும் வரும். அதுவும் உண்மைதான்.

ஏன் மோசமான லேண்டிங்கை மட்டும் சொல்கிறார்கள்? நல்லதாக இறங்கினால் சொல்ல என்ன இருக்கிறது! அதோடு மோசமாக இறங்கியதற்குச் சாட்சி உண்டு. தரையில் அறைந்து இறங்கினால் பைலட் அதை எஃப்-700 பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் எங்களுக்கு வேலை: அண்டர்கேரேஜைப் பார்ப்பது, ரிவெட் தளர்ந்திருக்கிறதா, பெயின்ட் வெடித்திருக்கிறதா, எஞ்சின் தாங்கிகளில் விரிசல் உண்டா, டயர் எப்படி என்று டார்ச் அடித்துத் தேடுவது. ‘அப்படி ஒன்றும் பெரிசாக இல்லை’ என்று எழுதாமல் நழுவப் பார்த்த பைலட்டும், அவர் பின்னாலேயே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போன ஃபிட்டரும் எல்லா ஸ்குவாட்ரனிலும் இருந்தார்கள். பல வருஷம் கழித்து அந்த இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்?

சரி, நம்பக் கூடாதவை. பைலட் ‘காக்பிட்டில் ஏதோ லூசாக இருக்கிறது’ என்று எழுத, ஃபிட்டர் ‘ஏதோ டைட் செய்யப்பட்டது’ என்று பதில் எழுதின கதை வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். அதே ஜோக் அதே வார்த்தையில் எல்லா நாட்டு விமானப்படையிலும் ஓடுகிறது, எல்லோரும் தங்கள் ஸ்குவாட்ரனில் நடந்ததாகச் சத்தியம் செய்வார்கள். அடுத்து, எஞ்சின் நின்றது, மலை நெருங்கிற்று, கடவுள் பேரைச் சொல்லித் திருப்பினேன், இறங்கிவிட்டேன் என்று நான்கே வரியில் முடியும் வீரக் கதை. நிஜமாக எஞ்சின் நின்ற ஆள் அப்படிச் சொல்லமாட்டார். எந்த உயரம், ஜெட் பைப் வெப்பம் எங்கே ஏறியது, எத்தனை தரம் ரீஸ்டார்ட் முயன்றேன், காற்று எந்தப் பக்கம் என்று கேட்பவர் கொட்டாவி விடும் வரை சொல்வார். கதை எவ்வளவு சலிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நம்பகமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை சகாக்கள் வரும்போது ஒன்று செய்யுங்கள். ‘வீரம் காட்டினீங்களா’ என்று கேட்காமல், ‘பெரியப்பா, உங்க பாக்கெட்டில் மேலே இருந்தது ஜே-34-ஆ, ஆர்ஃபியஸா?’ என்று கேளுங்கள். போனில் ரெக்கார்டிங்கை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பெரியம்மாவிடம் இரண்டு ரவுண்டு காபிக்கும் சொல்லிவையுங்கள்.